இரண்டு ஹால் டிக்கெட்டுகள்

எர்ணாவூர்
12 ஜனவரி 2025

அண்ணாவுக்கு மதியின் ஜெய்பீம்.

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கக் கூடாதாம். சேர்ந்த புதிதில் யாரும் நலமாக இருக்க மாட்டார்கள் என்று அங்கே கவுன்சிலிங் கொடுக்கிற மேடம் சொன்னார். அதனால் சாப்பாடு உள்ளே தங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று மட்டும் எழுது. குடியை நிறுத்தும் இடத்தில் போன் கொடுக்க மாட்டார்கள், கடிதம் எழுதலாம், அதையும் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்றார்கள். படிக்கட்டும். பாடம்தான் எழுதப் போகிறேன்.

அக்டோபரில் இரண்டு பேருக்கும் சேர்த்து நீதான் பெயர் கொடுத்தாய். மேல்நிலை இசைத் தியரித் தேர்வு. மே மாதம். பாஸ் செய்தால்தான் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியும். நீ ஆம்புலன்ஸில் போனதால் உன் பெயரை எடுத்துவிடலாமா என்று ராயபுரத்தில் நம் மியூசிக் வகுப்பு நோயல் சாரைக் கேட்டேன். "வேணாம்மா. அவன் காதுக்கு என் காது ஒறை போடக் காணாது. பேப்பர்ல எழுத வராது, அவ்ளோதான்" என்றார். எழுத வைக்கிற வேலை என் தலையில்.

முதல் பாடம், கீ சிக்னேச்சர். வரியின் தொடக்கத்தில் எத்தனை ஷார்ப் இருக்கிறது என்று பார். கடைசி ஷார்ப்புக்கு அரை ஸ்வரம் மேலே எது இருக்கிறதோ அதுதான் மேஜர் ஸ்கேலின் பெயர். இரண்டு ஷார்ப் என்றால் டி மேஜர். இப்போது நீ சொல், டி மேஜருக்கு ரிலேட்டிவ் மைனர் எது?

பதிலைக் கெங்கம்மா அக்கா வீட்டு முகவரிக்கு அனுப்பு. நம் பிளாக்தான், கீழ்த் தளம். தபால்காரர் மூன்றாம் மாடி ஏறுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மதி

*

செங்கல்பட்டு
27 ஜனவரி 2025

அன்பு மதிக்கு அண்ணன் பகலவன் எழுதுவது. ஜெய்பீம்.

சாப்பாடு இப்போது தங்குகிறது. தூக்கம் வருவதில்லை. கை நடுங்குகிறது. ட்ரெபிள் கிளெஃப் சுழியைப் போட்டுப் பழகு என்று நீ அனுப்பிய கோட்டுத் தாளில் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் பீம்ராவ் அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னாபா இது, தூண்டி முள்ளா?" என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் கையும் நடுங்குகிறது. ஆனால் அவருக்குத் தேர்வு இல்லை.

உன் கேள்விக்குப் பதில்: எஃப் ஷார்ப் மைனர். சரியா என்று தெரியவில்லை. மதி, உனக்குத் தெரியும், கச்சேரியில் நான் எல்லாப் பாட்டையும் சி-யில்தான் வாசிப்பேன். பாடுகிறவருக்கு எந்தச் சுருதியோ அதற்கு ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிடுவேன். எத்தனை ஷார்ப், எத்தனை பிளாட் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. இப்போது இந்த வயதில் எண்ணு என்கிறாய். களைப்பாக இருக்கிறது.

தபால்காரர் மாடி ஏறுவதில்லையா? கரண்ட் கம்பெனிக் கடிதம், வங்கிக் கடிதம் எல்லாம் ஏறி வந்ததே.

அம்மா எப்படி இருக்கிறார்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? என் கீபோர்டு வீட்டில்தான் இருக்கிறதா?

பகலவன்

*

எர்ணாவூர்
5 பிப்ரவரி 2025

அண்ணாவுக்கு ஜெய்பீம். நாங்கள் நலம். உன் கை கொஞ்சம் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். எழுத்து போன தடவையை விட, அதாவது நீ சேரும்போது போட்ட கையெழுத்தை விட, நன்றாக இருந்தது.

எஃப் ஷார்ப் மைனர் தப்பு. அது ஏ மேஜரின் உறவு. டி மேஜருக்கு பி மைனர். மேஜரிலிருந்து மூன்று அரை ஸ்வரம் கீழே இறங்கு, அவ்வளவுதான். உனக்குக் காதில் தெரியும். மனசுக்குள் வாசித்துப் பார்த்துவிட்டு எழுது.

அடுத்து, உன் பட்டன் சமாச்சாரம் தேர்விலும் வருகிறது. கிளாரினெட் என்று ஒரு வாத்தியம். தாளில் சி என்று எழுதியதை வாசித்தால் வெளியே பி பிளாட் கேட்கும். பட்டன் வாத்தியத்துக்குள்ளேயே இருப்பதாக வைத்துக்கொள். அதனால் கிளாரினெட்காரருக்கு எழுதும்போது ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுத வேண்டும். எஃப் மேஜர் பாட்டை அவருக்கு எந்தக் கீயில் எழுதுவாய்?

கீபோர்டு பத்திரமாக இருக்கிறது. இங்கே கரித்தூள் நிறைய. ஜன்னலைச் சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் புத்தகத்தின் மேல் கறுப்பாகப் படிகிறது. விடியுமுன் தண்ணீர் பிடிக்க வேண்டும், பிறகு ஸ்கூல், பிறகு ஸ்பெஷல் கிளாஸ். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. கெமிஸ்ட்ரி இன்னும் பாதிதான் முடித்திருக்கிறேன்.

பீம்ராவ் அண்ணனைக் கேட்டதாகச் சொல்.
மதி

*

செங்கல்பட்டு
19 பிப்ரவரி 2025

மதிக்கு ஜெய்பீம். நலம்தான். இரவில் கொஞ்சம் தூங்குகிறேன்.

ஜி மேஜர். சரிதானே? மனசுக்குள் வாசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

நீ அனுப்பிய புத்தகப் பிரதியில், பாட்டு வரியை முடிக்கும் கேடன்ஸ் வரை வந்துவிட்டேன். ஐந்தாம் கார்டு (ஸ்வரக்கூட்டு) வந்து, முடியப் போகிறது என்று ஆள் எழுந்திருக்கும் நேரத்தில், முதல் கார்டுக்குப் போகாமல் ஆறாவதுக்குப் போவது. இதை நான் எவ்வளவோ கல்யாண மேடையில் செய்திருக்கிறேன். பேர் இருக்கிறது என்று இப்போதுதான் தெரியும். இன்டரப்டட் கேடன்ஸ். பீம்ராவ் அண்ணனுக்கு வாயால் பாடிக் காட்டினேன். "அட்ச்சே பாரு, சரியான டபாய்ப்பு!" என்றார். இங்கே வந்து முதல் முறையாக அவர் சிரித்தார்.

மதி, நான் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். நீ கிளாரினெட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

எதுவாக இருந்தாலும் எழுது. நடுவீட்டில் ஒரு ஆளை மறைத்து வைத்துக்கொண்டு எழுதுவது போல இருக்கிறது உன் கடிதம்.

பகலவன்

*

எர்ணாவூர்
2 மார்ச் 2025

அண்ணாவுக்கு ஜெய்பீம். ஜி மேஜர் சரி.

நாளை எனக்குத் தேர்வு தொடங்குகிறது. இன்று எழுதாவிட்டால் இதையே நினைத்துக்கொண்டிருப்பேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

அம்மா உன் பெயரைச் சொல்வதில்லை. நான் சொன்னாலும் எழுந்து போய்விடுகிறார். உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று, நான் கூடப் போகிறேன் என்று செருப்பை மாட்டினேன். அம்மா வாசலில் நின்றுகொண்டு சொன்னது இதுதான்: "போ. ஆனா வந்து எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லாத. கீறான், பூட்டான், எதுவும் சொல்லாத. ஒங்கப்பன இந்தப் படிக்கட்டுலதான் நாலு பேரு தூக்கியாந்தாங்க. இன்னொரு தபா பாக்க எனக்குத் தெம்பில்ல."

அப்பா குடித்தே போனார் என்பதை அம்மா அதுவரை ஒரு தடவைகூட வாய் திறந்து சொன்னதில்லை. நெஞ்சுவலி என்றுதான் எல்லாரிடமும் சொல்வார்.

கீபோர்டை நோயல் சார் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அம்மா அதைப் பார்க்கும் போதெல்லாம் சாப்பிடாமல் இருந்தார். கடிதம் கெங்கம்மா அக்கா வீட்டுக்கு வருவதும் அதனால்தான். தபால்காரர் எந்த மாடியும் ஏறுவார்.

கேட்டாய், எழுதிவிட்டேன். இதை மனசில் போட்டுக்கொண்டு படுத்துவிடாதே. பாடம் அடுத்த பக்கத்தில்.

மதி

*

எர்ணாவூர்
24 மார்ச் 2025

அண்ணாவுக்கு ஜெய்பீம். நலமா?

என் கடிதம் கிடைத்ததா? கெங்கம்மா அக்கா இட்லிக் கடையை மூடும் வரை தினமும் போய் நிற்கிறேன். "கடுதாசி வந்தா நா இன்னா ஊறுகாயா போடப் போறேன்?" என்று திட்டுகிறார். மையத்துக்கு போன் செய்தால், "பேஷண்ட் பத்தி போன்ல சொல்ல மாட்டோம்மா, நேர்ல வாங்க" என்கிறார்கள். தேர்வுக்கு நடுவில் எப்படி வருவது?

கெமிஸ்ட்ரி சுமாராகத்தான் எழுதினேன். நாளையோடு முடிகிறது. அம்மாவுக்கு இறால் கம்பெனியில் வேலை அதிகம். போன வாரத்துக்கு முந்திய வாரம் ஒரு நாள் டபுள் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தார். உள்ளங்காலெல்லாம் கொப்புளம். செருப்பைக் கம்பெனியில் யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

நான் அதை எழுதியிருக்கக் கூடாதோ?

ஒரு வரி போதும். பாடத்துக்குப் பதில்கூட வேண்டாம்.

மதி

*

செங்கல்பட்டு
30 மார்ச் 2025

தங்கச்சி மதிக்கு பீம்ராவ் எழுதிக்கொள்வது. ஜெய்பீம். நானும் நம்ம ஆளுதான்மா, புளியந்தோப்பு. எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

உன் அண்ணன் உயிரோடு, நல்லபடியாக இருக்கிறான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் பின்பக்கச் சுவர் ஏறிப் போய்விட்டான். மூன்றாம் நாள் மத்தியானம் வந்தான். யாரோ கொண்டுவந்து விட்டார்கள் என்று சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. குடித்திருந்தான். அதனால் மறுபடி முதலிலிருந்து வைத்தியம். தனி அறையில் வைத்திருக்கிறார்கள். எழுத, படிக்க எதுவும் கொடுப்பதில்லை. நீ தவியாய்த் தவிப்பாய் என்று மேடத்திடம் அனுமதி வாங்கி எழுதுகிறேன்.

அவன்மேல் கோபப்படு, பரவாயில்லை. என் வீட்டில் கோபப்படவும் ஆள் இல்லை.

பீம்ராவ்

*

எர்ணாவூர்
6 ஏப்ரல் 2025

அண்ணாவுக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை.

பீம்ராவ் அண்ணன் எழுதினார். நான் என்ன எழுதினாலும் நீ குடிப்பாய் என்றால் நான் எதற்கு எழுத வேண்டும்? அம்மாவைப் பற்றி எழுதாவிட்டால் மறைக்கிறாய் என்கிறாய். எழுதினால் சுவர் ஏறுகிறாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதினேழு வயதில் எனக்கு இடுப்பு வலிக்கிறது, அண்ணா. தண்ணீர்க் குடம் மட்டும் காரணம் இல்லை.

பிளஸ் டூ எழுதிய கையோடு உனக்கும் சேர்த்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை எழுதுவேன், உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. போன மாதத்திலிருந்து உனக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன். என் தாளெல்லாம் வெறும் கோடுதான்.

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. இரண்டும். மே 11, ஞாயிறு காலை, வேப்பேரி. உன்னுடையதை இதோடு வைத்திருக்கிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம். பாடம் இல்லை.

மதி

*

செங்கல்பட்டு
19 ஏப்ரல் 2025

மதிக்கு அண்ணனின் ஜெய்பீம்.

நேற்றுத்தான் பேனா கொடுத்தார்கள். உன் இரண்டு கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நீ கோபப்பட்டது சரிதான். ஆனால் ஒன்றை எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். உன் தேர்வு முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

சுவர் ஏறி வெளியே வந்து இரண்டு நாள் எங்கெங்கோ கிடந்தேன். மூன்றாம் நாள் விம்கோ நகரில் இறங்கி நம் பிளாக் வரை வந்துவிட்டேன். நீ கணக்குத் தேர்வு எழுதப் போயிருந்தாய். அம்மா குழாயடியிலிருந்து இரண்டு குடத்தோடு வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். குடம் கீழே விழவில்லை, அவர் சத்தம் போடவில்லை. கெங்கம்மா அக்கா வாசலில் இரண்டையும் இறக்கி வைத்தார். "இத்த மேல ஏத்திரு கெங்கா" என்றார். என்னிடம் ஒரே வார்த்தை. "நட."

ரயில் ஏறினோம். பீச் ஸ்டேஷனில் மாறினோம். வாந்தி வந்தது, கதவோரம் போய் நின்றேன். அம்மா பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். தாம்பரம் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண், "இன்னாமா, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். "ஜொரம்" என்றார் அம்மா. தாம்பரத்தில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. செங்கல்பட்டில் இறங்கி பஸ்.

இங்கே கேட்டில் வார்டன், "நீங்க யாருமா?" என்றார்.

"பெத்தவ. ஒங்கள நம்பித்தான வுட்டேன்? இன்னொரு தபா செவுரு ஏற வுட்டீங்க, நா வந்து இங்கியே குந்திக்குவேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "மதிக்குப் பரிச்ச நடந்துகினு கீது. நா வந்தத அவளாண்ட எழுதாத." இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் என்னை மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அப்போது நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.

திரும்பிப் போகும்போதுதான் கவனித்தேன். காலில் செருப்பு இல்லை. குழாயடியிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். மார்ச் மாத மத்தியான வெயிலில் அந்தத் தார்ச்சாலையில் நடந்து போனார்.

ஹால் டிக்கெட்டில் என் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்திருக்கிறார்கள். வார்டன் ஒரு ஆளோடு அனுப்புகிறேன் என்கிறார். வருகிறேன்.

பகலவன்

*

எர்ணாவூர்
27 ஏப்ரல் 2025

அண்ணாவுக்கு மதியின் ஜெய்பீம். உடம்பு எப்படி இருக்கிறது?

கெங்கம்மா அக்காவிடம் கேட்டேன். "நா இன்னா பண்றது? ஒங்கம்மா சொல்லாதன்னா சொல்லாததுதான். ஆனா அன்னிக்கு நீ பரிச்ச எழுதிட்டு வந்து சோறு துன்னிய பாரு, அத்த நாந்தான் ஆக்குனேன்" என்றார். அம்மா ஆக்கியது என்று நினைத்துத்தான் சாப்பிட்டேன்.

அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. நேற்று ஷிப்ட் முடிந்து வந்து கூடத்தில் படுத்திருந்தார். காலைப் பார்த்தேன். குதிகாலில் தோல் உரிந்து புதுத் தோல் வந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவினேன். கண்ணைத் திறக்காமலே, "அவனுக்குப் பரிச்ச காலையிலயா, சாயங்காலமா?" என்று கேட்டார். காலையில் என்றேன். "ஊம்" என்றார். அவ்வளவுதான். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் யாரென்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

பாடம் இல்லை என்று எழுதிவிட்டேன். இருந்தாலும் இது கட்டாயம் வரும். நாலு குரலுக்கு ஹார்மனி எழுதும்போது, இரண்டு குரல்கள் ஐந்து ஸ்வர இடைவெளியில் சேர்ந்தே ஏறவோ இறங்கவோ கூடாது. கான்செகியூட்டிவ் ஃபிஃப்த்ஸ். மேடையில் நீ தினமும் அதைத்தான் வாசிக்கிறாய், நன்றாகவும் இருக்கும். தேர்வில் தப்பு. ஏன் என்று சண்டைக்கு வராதே. ஒரு குரல் ஏறினால் இன்னொன்றை இறக்கு.

காலையில் சாப்பிட்டுவிட்டு வா.
மதி

*

எர்ணாவூர்
6 ஜூலை 2025

அண்ணாவுக்கு மதியின் ஜெய்பீம். நாங்கள் இருவரும் நலம்.

ரிசல்ட் வந்துவிட்டது. நோயல் சார் போன் செய்தார். நீ பாஸ். நான் இல்லை.

ஆறுதல் சொல்லி எழுதாதே. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஹாலில் உன்னை எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார வைத்தார்கள். பேப்பர் கொடுத்ததும் நீ ட்ரெபிள் கிளெஃப் போட ஆரம்பித்தாய், கை நடுங்கியது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு போட்டாய். அதன் பிறகு நான் உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தண்ணீர் கேட்டபோது எழுந்து போய்விடுவாய் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் நீ எழுதாமல் குனிந்திருந்தபோது எனக்கு மூச்சே வரவில்லை. மணி அடிக்கும்போது பார்த்தால் என் ஹார்மனி கேள்வியில் பாதிக் கோடு காலி. கேடன்ஸ் கேள்வியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் நான் உனக்கு எழுதி அனுப்பிய பாடம்தான்.

வெளியே வந்தபோது அம்மா வேப்ப மர நிழலில் டிபன் பாக்ஸோடு நின்றதைப் பார்த்தாயே. காலையில் என்னிடம் கம்பெனிக்குப் போகிறேன் என்றுதான் சொன்னார். "மொதல்ல துன்னு" என்று உன்னிடம் கொடுத்தார். நீ அழுதாய். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலிக் கோடுதான் கண்ணில் நின்றது. அப்போதே தெரியும்.

முந்தாநாள் ரிசல்ட்டைச் சொன்னபோது அம்மா, "அவன் பாஸா? பகலவனா?" என்று கேட்டார். பெயர் சொல்லித்தான் கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்கு இல்லியா?" என்றார். இல்லை என்றேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இறால் உரித்து ஊறிப்போன விரலால் என் தலையைக் கோதினார். "படு. தண்ணிய நா புட்ச்சிக்கிறேன்" என்றார். படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சந்தோஷம்தான். கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான். நவம்பரில் மறுபடி தேர்வு இருக்கிறதாம். எழுதுவதா என்று இன்னும் யோசிக்கவில்லை.

மதி

*

செங்கல்பட்டு
17 ஜூலை 2025

அன்பு மதிக்கு அண்ணன் பகலவனின் ஜெய்பீம். நலம். நிஜமாகவே நலம். கை நின்றுவிட்டது.

ஆறுதல் எழுதவில்லை. நீ சொல்லிவிட்டாய்.

உன் கடிதத்தை பீம்ராவ் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "நீ தேறணும்னு அந்தப் பொண்ணு உன்னையே பாத்துகினு இருந்திருக்கு. இனிமே அத்த பாக்க வெக்காத" என்றார். எனக்குத் தோன்றியதும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை என்னை விடுகிறார்கள். நேராக வீட்டுக்கு வரப் போவதில்லை. நோயல் சாருக்கு எழுதிக் கேட்டேன். வகுப்பு அறையில் படுத்துக்கொள், காலையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடு என்கிறார். அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன். பகலில் வருவேன், அம்மா போடுவதைச் சாப்பிடுவேன், இருட்டுவதற்குள் ராயபுரம் திரும்பிவிடுவேன். அந்தப் படிக்கட்டில் என் காலடிச் சத்தம் எப்படி வருகிறது, நேராக வருகிறதா, தடுமாறி வருகிறதா என்று நீங்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். கொஞ்ச நாளைக்காவது வேண்டாம்.

குழாயில் தண்ணீர் வரும் நாளில் விடியற்காலை முதல் ரயிலில் வந்து குடத்தை மேலே ஏற்றிவிட்டுப் போகிறேன். அதை மட்டும் தடுக்காதே.

நவம்பர் தேர்வை எழுது, மதி. நீ நினைத்தது போல நான் ஹாலில் ஒருமுறைகூட எழுந்து போக நினைக்கவில்லை. குனிந்திருந்தது ஐந்தாம் இடைவெளிக் கேள்விக்கு. நீ சொன்னபடி ஒரு குரலை ஏற்றி ஒன்றை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பின்னால் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இந்தத் தடவை நான் வேப்பேரி பக்கமே வர மாட்டேன். வாசலிலும் நிற்க மாட்டேன். அம்மாவையும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், கேட்பாரா தெரியாது. உனக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர் யாரோ ஒருவர். கை நடுங்கினால் நடுங்கட்டும்.

நீ உன் தாளைப் பார்.

உன் அண்ணன்
பகலவன்